இருபத்தைந்து கிலோவும் கொசுறும்

“நாங்கெல்லாம் தூக்குனா கூலி குடுப்பாக. நீ கூலி குடுத்துத் தூக்கப் போறியாக்கும்?”

வீட்டிலேயே எடை தூக்கிப் பழகப் போகிறேன், அதற்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று அம்மா கேட்ட கேள்வி இது. அப்பா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்காக எழுந்து போய் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் வீட்டில் தூக்கத் தெரியாதவள் நான் ஒருத்திதான். அப்பா தானிய மண்டியில் மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். அம்மா பேரையூர்ப் பக்கத்துப் பருத்திக்காட்டில் வளர்ந்தவள். பொதியைத் தலையில் வைத்துக்கொண்டே கீழே விழுந்த செருப்பைக் கால் விரலால் எடுத்து மாட்டுவாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் கல்லூரி, அதற்கு மேல் தேர்வு, இப்போது தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் படிப்பு எனக்கு ஒரு கெடுதலும் செய்திருந்தது. சின்ன வயதில் குடத்தைத் தொட்டால், “படிக்கிற புள்ள, வையி” என்பார்கள். விறகுக் கட்டைத் தொட்டால், “வையி, பரீச்சை வருது.” வேலை கிடைத்த பிறகும் அந்த ‘வையி’ நிற்கவில்லை. ஊறுகாய்ப் பாட்டில் மூடியைக்கூட அப்பாதான் திறந்து தருவார். நானும் ராணி மாதிரி வாங்கிக்கொள்வேன்.

அந்த ராணி ஒருநாள் படிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி. மாதம் பிறந்தால் கடைக்காரர் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைக் கீழே கேட்டருகே போட்டுவிட்டுப் போய்விடுவார். அம்மா அதைத் தலையில் வைத்து ஏறி வருவாள். அன்று அம்மா ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். சும்மா கிடக்கிறதே, நாமே கொண்டுபோய் வைத்து அசத்திவிடலாம் என்று நான் சிப்பத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். சிப்பம் மடியில். எழுந்திருக்கவும் முடியாது, மடியிலிருந்து தள்ளினால் உருண்டு கீழே போகும். கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். கீழ்வீட்டு அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னம்மா, படியில உக்காந்து அரிசி விக்கிறியா? கிலோ எம்புட்டு?” என்று கேட்டார்.

பிறகு அம்மா வந்தாள், பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக. தன் கைப்பையை என் கையில் கொடுத்தாள். என் மடியிலிருந்த சிப்பத்தை ஒரே எம்பில் தலைக்கு ஏற்றினாள். நாலு படி ஏறியவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“பை கனமா இருந்தா அங்கேயே வச்சிரு. நான் வந்து எடுத்துக்கிறேன்.”

அன்று சாயங்காலமே நான் ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். பொருள், எடை, அடைக்கும் இடம், எதற்கு உதவும், அம்மா என்ன சொல்வாள் என்று ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டம்தான் முதலில் நிரம்பியது. கம்பிவடமும் கப்பியும் வைத்த பெரிய எந்திரத்தின் படத்தைக் காட்டினேன். “இத வச்சா நாம மூணு பேரும் இதுலதான் படுக்கணும்” என்றாள். மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு ஒன்றை, கெட்டில்பெல்லை, காட்டினேன். “நாக்கு இல்லாத மணிய என்னத்துக்குடி வாங்குற?” என்றாள். இழுத்துப் பழகும் ரப்பர் பட்டைகளை அப்பா பார்த்துவிட்டு, “இது சைக்கிள் டியூப்புல்ல. பரண்ல நாலு கெடக்கு தாயி” என்றார்.

கடைசியில் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

“தைப் பொங்கலுக்கு வார சிப்பத்த நீ மேல கொண்டாரணும். நடுவுல எங்கயும் எறக்கி வைக்கப்பிடாது. கொண்டாந்துட்டேன்னா ஒன் சாமான் இங்க கெடக்கட்டும். இல்லேன்னா அம்புட்டையும் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு ஒரு இட்லிச் சட்டி வாங்கிருவேன்.”

சரி என்றேன். சாமான் போவதைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அதுவரை எந்தப் பரீட்சையிலும் நான் தோற்றதில்லை. தோற்றால், வாழ்நாள் முழுவதும் இந்த வீட்டில் என்னிடம் ‘வையி’ என்பார்கள். அதுதான் என் கவலை.

நான் படித்தவள் இல்லையா, அதனால் முதல் தடவை இணையத்தில் வாங்கினேன். ஒரு கம்பியும் அதில் மாட்டுகிற எடைத் தட்டுகளும், அதாவது பிளேட்டுகளும், சேர்ந்த இருபது கிலோ செட். வாங்கியவர்கள் எழுதியிருந்ததை முந்நூறுக்கு மேல் படித்தேன். பெட்டி வந்தது. கீழே கிடந்ததை அப்பா ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். வாசலிலேயே நின்றார்.

“தாயி, எத்தன கிலோன்னு சொன்னான்?”

“இருபதுப்பா.”

“பதினேழு. கூடப் போனா பதினேழே கால்.”

“பெட்டியிலேயே இருபதுன்னு அச்சடிச்சிருக்குப்பா.”

“அச்சடிச்சவன் தூக்கிப் பாத்தானா?”

அப்பாவிடம் மூட்டையை மாட்டி நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்று உண்டு. அதில் மாட்டினார். பதினேழு கிலோ நூறு கிராம். பிறகு ஒரு பிளேட்டை எடுத்துத் தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே கரகரவென்றது. விளிம்புத் தையல் வழியாகச் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டியது. மேலே பிளாஸ்டிக் ஓடு, உள்ளே சிமெண்டும் மணலும்.

அம்மா விளக்குமாற்றை எடுத்து வந்து பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே பேசினாள்.

“படிச்ச புள்ள காசு குடுத்து மண்ணு வாங்கியிருக்கா. எங்கிட்டச் சொல்லியிருந்தா நம்ம காட்டுலருந்து ஒரு சாக்கு அள்ளியாந்துருப்பேன்.”

பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். நோட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: உள்ளே என்ன இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். அப்பா கூட வந்தார். அதுவும் மண்டிக்குப் போகிற பையோடு வந்தார். பையில் கொக்கித் தராசு, கிழிந்த சாக்கைத் தைக்கிற கோணி ஊசி, சணல், குத்தூசி. குத்தூசி என்பது நடுவில் பள்ளம் ஓடுகிற கூரான இரும்பு. மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கிற தானியம் கொஞ்சம் பள்ளத்தில் வரும்; மேலே நல்லதைப் போட்டு நடுவில் சொத்தையை வைத்திருக்கிறார்களா என்று அதில் தெரிந்துவிடும். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். “இது இல்லாம கடைக்குள்ள போனா கை ஒருமாதிரி இருக்கு தாயி” என்றார்.

கடைக்காரர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். பில் போடும் மேசையில் அவர் மனைவி. சுவரெல்லாம் கண்ணாடி. கடைக்காரர் சிரித்த முகமாக என்னிடம் வந்தார்.

“சொல்லுங்கம்மா. வெயிட் கொறைக்கணுமா, டோனிங்கா?”

“ஒரு சிப்பம் அரிசி. ரெண்டு மாடி” என்றேன்.

அவர் ஊதா நிற எந்திரம் ஒன்றைக் காட்டினார். அதில் உட்கார்ந்தால் உடம்பு தானாக அதிருமாம். நான் நோட்டைத் திறந்தேன். பிளேட்டு வார்ப்பிரும்பா, ஓடா? நடுத்துளையும் கம்பியும் பொருந்துமா? கம்பி முனையில் போடும் பூட்டு திருகா, ஸ்பிரிங்கா? அவர் முகத்தில் சிரிப்பு குறைந்து மரியாதை வந்தது. எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடிய மாதிரி இருந்தது.

அதற்குள் அப்பா பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி, தரையில் இரண்டு வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“இது அஞ்சுன்னு போட்டிருக்கு, நாலே முக்கால்தான் நிக்கிது. இது அஞ்சும் அம்பதும். தாயி, இத எடுத்துக்க, அம்பது கிராம் லாபம்.”

கடைக்காரர் ஓடினார். “அண்ணே, இது என்ன காய்கறிக் கடையாண்ணே?”

“அதத்தாண்ணே நானும் சொல்றேன். காய்கறிக் கடையில முத்திரை குத்துன கல்லுல்ல வச்சிருக்காக.”

அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் பெஞ்சு ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று திரும்பினேன். அந்த நேரத்தில்தான் அப்பாவின் கண்ணில் அது பட்டது. கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கிய, குத்துச்சண்டை பழகுகிற பை. அப்பாவுக்கு அது ஒரு மூட்டை. கடையில் ஒரு மூட்டை தொங்கினால் உள்ளே என்ன சரக்கு என்று பார்ப்பது அவர் தொழில். கண்ணாடியில் நான் பார்த்தேன். நாலு கண்ணாடியிலும் நாலு அப்பாக்கள் நாலு குத்தூசிகளை ஓங்கினார்கள்.

“அப்பா, வேணாம்!”

சரக்கென்று உள்ளே போய், சரக்கென்று வெளியே வந்தது. குத்தூசியின் பள்ளத்தில் கந்தல் துணி. அப்பா அதை உள்ளங்கையில் தட்டி, மூக்கருகே வைத்துப் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம்.

“ஒங்கள நல்லா ஏமாத்திட்டான்ணே. பூரா கந்தலு.”

கடைக்காரருக்கு வாயில் தமிழ் வரவில்லை. மனைவியைப் பார்த்து அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார். அந்த அம்மா பில் புத்தகத்தின் மேலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. நான் அப்பாவின் காதில் விளக்கினேன், இது அடித்துப் பழகுவதற்காகத் தொங்கவிட்ட பை என்று.

“அடிக்கிறதுக்கா? பாவம், அது என்ன செஞ்சுச்சு?”

ஆனாலும் அப்பா கூச்சப்பட்டுப் போனார். கோணி ஊசியில் சணலைக் கோத்து, ஓட்டையை இழுத்துப் பிடித்து மண்டித் தையல் போட்டார். ஐந்தே இழுப்பு. கடைக்காரர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அண்ணே, உள்ள இன்னும் ரெண்டு பை வாய் பிரிஞ்சு கெடக்குது…”

அப்பா அந்த இரண்டையும் தைக்கிற நேரத்தில் நான் சாமானைத் தேர்ந்தெடுத்து முடித்தேன். பெஞ்சு வேண்டாம், எங்கள் பீரோவுக்கும் டிவிக்கும் நடுவில் அது நின்றால் யாரும் அடுப்படிக்குப் போக முடியாது. எந்திரம் வேண்டாம், அது இழுக்கிற பாதையில்தான் நாம் இழுக்க முடியும், அரிசிச் சிப்பமோ எந்தப் பக்கமும் சரியும். கெட்டியான நேர்க்கம்பி ஒன்று, ஐந்து கிலோ. வார்ப்பிரும்பு பிளேட்டு, ஐந்து கிலோவில் இரண்டு, இரண்டரையில் நாலு. திருகுப் பூட்டு இரண்டு. தரையில் விரிக்க ஒரு ரப்பர் விரிப்பு. கம்பியும் பிளேட்டும் சேர்ந்து சரியாக இருபத்தைந்து கிலோ. அதற்கு மேல் ஒரு கிராம்கூட எனக்குத் தேவையில்லை என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

கிளம்பும்போது அப்பா நின்றார். “இம்புட்டு வாங்குறோம். கொசுறு?”

“கொசுறா? இரும்புக்கு யாருண்ணே கொசுறு குடுப்பா?”

“கருவேப்பிலைக்கே குடுக்குறாகளே.”

கடைக்காரரின் மனைவிதான் எழுந்து போய், ஜோடி தொலைந்துபோன ஒரு கிலோ டம்பெல் ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவின் பையில் போட்டார். ரோஸ் நிறம். ஆறாவது கட்டத்தில், ‘அப்பாவே குத்திப் பார்த்துவிட்டார்’ என்று எழுதிக்கொண்டேன்.

காலையில் ஐந்தரைக்குப் பயிற்சி. முதல் வாரம் வெறும் கம்பி. எண்ணுவதற்கு அப்பா உட்கார்ந்துகொண்டார்.

“லாபம்… ரெண்டு… மூணு…”

“ஒன்னுன்னு சொல்லுங்கப்பா.”

“மொத அளவ ஒன்னுன்னு சொல்லி எவனாச்சும் அளப்பானா? லாபம்தான்.”

மண்டியில் அப்படித்தான். முதல் அளவுக்கு லாபம் என்று பெயர், பிறகுதான் இரண்டு. அதோடு இன்னொரு பழக்கமும் உண்டு. அடுத்த அளவு வந்து விழும்வரை எண்ணிக்கை மறந்துவிடாமல் இருக்க, நடப்பு எண்ணையே பாடிக்கொண்டிருப்பார்கள். நான் நாலாவது தடவையில் கம்பியோடு பாதியில் நின்று நடுங்கினால், அப்பா கண்ணை மூடிக்கொண்டு, “நாலே நாலே நாலே நாலே” என்று பாடுவார். ஐந்து வருகிறவரை நிறுத்த மாட்டார். கீழ்வீட்டு அக்கா ஒருநாள் என்னை நிறுத்தி, காலையில் உங்கள் வீட்டில் ஏலம் ஏதும் நடக்கிறதா என்று விசாரித்தார்.

அம்மாவுக்கு வேறு சங்கடம்.

“எடுத்த எடத்துலேயே திரும்பி வைக்கிறதுக்கு எதுக்குத் தூக்கணும்? தூக்குனா ஒரு எடத்துக்குக் கொண்டுபோயில்ல எறக்கணும்?”

அவள் புலம்பல் தாங்காமல் கம்பியைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வரைக்கும் நடந்துபோய் இறக்கினேன். “வந்தது வந்துட்ட, இந்த வெங்காயக் கூடைய எடுத்துட்டுப் போ” என்றாள். அன்றிலிருந்து என் பயிற்சியில் நடையும் வெங்காயமும் சேர்ந்தன. ஆயுத பூசை அன்று அப்பாவின் தராசுக்கும் என் பிளேட்டுகளுக்கும் ஒரே தட்டிலிருந்து சந்தனம் வைத்தார்கள். அம்மா தாராளமாகக் கம்பிக்கும் பூசியிருந்தாள். மறுநாள் அது வழுக்கி என் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. கீழ்வீட்டு அக்கா ஏலம் முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

அந்த ரோஸ் டம்பெல்லை மட்டும் நான் ஒருநாளும் தூக்கவில்லை. வந்த அன்றே அது அடுப்படிக்குப் போய்விட்டது. அம்மா அதில் இஞ்சி தட்டினாள், மிளகு உடைத்தாள். “நீ வாங்குனதுலேயே உருப்படியான சாமான் இதுதான்” என்றாள். மார்கழி பாதியில் நான் முழு இருபத்தைந்தையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் பத்து நடை நடந்தேன். அம்மா பார்க்காத மாதிரி பார்த்தாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சிப்பம் வந்தது. நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே போனேன். அம்மா மேல்படியில் நின்றாள். அப்பா என் பின்னால். கீழ்வீட்டு அக்கா தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். குனிந்தேன். சாக்கில் அச்சடித்திருந்ததைப் படித்தேன். படிக்கத் தெரிந்ததற்காக வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

இருபத்தாறு கிலோ.

இருபத்தைந்து கிலோ வரைக்கும்தான் வரி என்பதால், எங்கள் அரிசிக் கடைக்காரர் அந்த மாதம் வரிக்குத் தப்ப ஒரு கிலோ கூட்டிக் கட்டிய சிப்பத்துக்கு மாறியிருந்தார்.

“இது செல்லாது! பேசுனது இருபத்தஞ்சு!” என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

“கொசுறுன்னு நெனச்சுக்க” என்றாள் அம்மா.

எனக்குப் பழக்கமில்லாத அந்த ஒரு கிலோ, அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் இஞ்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

முழங்காலை மடக்கி, சிப்பத்தைத் தொடைக்கு ஏற்றி, அங்கிருந்து தோளுக்கு ஏற்றினேன். கம்பியில் பழகிய அதே வழி. அப்பா தொடங்கினார், “லாபம்… ரெண்டு…” ஏழாவது படி வந்தது. என் கால்களுக்கு அந்தப் படி ஞாபகமிருந்தது; அவை தாமாகவே மடங்கப் பார்த்தன. சிப்பம் தோளிலிருந்து சரிந்தது.

“ஏழே ஏழே ஏழே ஏழே…”

“அப்பா, எட்டுன்னு சொல்லுங்க!”

“நீ ஏறாம எட்டு எங்கிட்டுருந்து தாயி வரும்? ஏழே ஏழே…”

“விட்ரும்மா, நான் கிலோ அம்பதுன்னு எடுத்துக்கிறேன்” என்றார் கீழ்வீட்டு அக்கா. அந்தக் கோபத்தில் ஏறினேன். எட்டு. பன்னிரண்டு. திருப்பத்தில் சுவரில் முட்டுக்கொடுத்து, முழங்காலால் ஓர் எம்பு எம்பி, மறு தோளுக்கு மாற்றினேன். இறக்கவில்லை. கடைசி நாலு படிகளில் எனக்கு அப்பாவின் குரல் மட்டும்தான் கேட்டது. அம்மா வழிவிட்டு நின்றது மங்கலாகத் தெரிந்தது. அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். சிப்பத்தைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

“செருப்போட உள்ள வந்துட்ட” என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் அன்று ஊறுகாய்ப் பாட்டிலை அப்பா கையில் எடுத்தபோது, அம்மா அதைப் பிடுங்கி என் முன்னால் வைத்தாள். நான் ஒரே திருகில் திறந்தேன். எண்ணெய் சட்டையில் தெறித்தது. யாரும் ‘வையி’ என்று சொல்லவில்லை. இட்லிச் சட்டிக்கு அவள் முன்கூட்டியே விலை பேசி வைத்திருந்த விஷயம் மறுவாரம் பாத்திரக்கடை வழியாகப் போனபோது தெரிந்தது. ரோஸ் டம்பெல்லைத் திருப்பிக் கேட்டேன். தர முடியாது என்றுவிட்டாள்.

கேஸ் சிலிண்டரின் தலைப்பக்கத்தில் காலி எடை எழுதியிருக்கும். பெரும்பாலும் பதினைந்து கிலோவும் சொச்சமும். உள்ளே இருக்கும் கேஸ் பதினாலுக்குக் கொஞ்சம் மேலே. கூட்டினால் முப்பதுக்குக் கிட்டத்தட்ட வரும். இதையெல்லாம் நோட்டில் புதுப் பக்கத்தில் எழுதிவிட்டு, சிலிண்டர் கொண்டுவருகிற அண்ணனிடம் இனிமேல் மாடி ஏற வேண்டாம், கீழேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தோஷமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அது கேட்டருகே நிற்கிறது. கீழ்வீட்டு அக்கா நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அடுப்பில் குழம்பு பாதி கொதியில் இருக்கிறது. பழைய சிலிண்டர் தீரப் போகிறது, தீ சின்னதாகிக்கொண்டே வருகிறது. நான் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, இறங்கத் தொடங்கிவிட்டேன்.